இடது கையால் கொடுத்த டம்ளர்

கார்த்திகை நான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. விழுப்புரத்தில் தூறல். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சட்டை நனையும், அந்த மாதிரித் தூறல். பல்கலைக்கழகக் கல்லூரியின் இரண்டாம் மாடியில் ஓர் ஆய்வகம். ஜன்னல்கள் ஆறு, அவற்றில் நான்கு சாத்தியிருந்தன.

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் எனக்கு ஒரு வீடு தெரிந்தது. வெளியே இருந்தவர்களுக்கு, காற்றைக் கிள்ளிக்கொண்டிருக்கும் எழுபத்திரண்டு வயதுக் கிழவன் தெரிந்திருப்பான்.

பொய் அலமாரியிலிருந்து பொய் டம்ளரை இடது கையால் எடுத்தேன். திரும்பினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொம்மை அம்மாளிடம் அதே இடது கையால் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கைதட்டினார்கள். பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். மாணவர்கள் பதினெட்டுப் பேர், அவர்களுடைய பேராசிரியர் ஒருவர், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர். எழிலரசி சுவரோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் வீட்டைக் கட்டிய மாணவி அவள்தான். அன்று அவளுக்கு இறுதி மதிப்பீடு.

தேர்வாளர் பேனாவை மூடப்போனார். மூடாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி சரோஜாவைப் பார்த்தார். அன்று மாலை விழுப்புரத்தில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. அதற்காக அவளும் என்னோடு வந்திருந்தாள்.

"அம்மா, நீங்க ஒரு தடவ பண்ணிப் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

நான் கதவைப் பார்த்தேன். அதுவரை பன்னிரண்டு அடி இருக்கும்.

ஏன் கதவைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு இரண்டரை மாதம் பின்னால் போக வேண்டும்.

பொய் வீடு

இந்தத் தொடரில் நான் என் பெருமைகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த வாரம் அவருக்கு அந்தக் குறை இருக்காது.

திண்டிவனத்தில் எங்கள் ஓய்வூதியர் சங்கம் மாதம் ஒரு முறை கூடும். ஆவணியில் கூடியபோது இரண்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி எழிலரசி, கண்டாச்சிபுரத்துப் பெண். இன்னொருவன் ரியாஸ், கோட்டக்குப்பம். தங்கள் பாடத்துக்காக அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆறு பேர் தேவை என்றார்கள். பாடத்தின் பெயர் முப்பரிமாண இடைமுக வடிவமைப்பு. சங்கச் செயலாளர் அதை ஒலிபெருக்கியில் இரண்டு முறை படித்தார். இரண்டு முறையும் வேறு வேறாகப் படித்தார்.

அது என்ன என்று எழுந்து கேட்டவன் நான்தான். கூட்டத்தில் கேள்வி கேட்காமல் வீடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

"செல்போன்ல தட்டறதுக்கு எதிர்ல ஒரு கண்ணாடி மட்டுந்தானங்க ஐயா இருக்குது. இதுல உங்களச் சுத்தி நாலு பக்கமும் இருக்கும். எதை எங்க வைக்கணும், அத மனுசங்க எப்படி எடுப்பாங்க, அதத்தான் படிக்கறோம்" என்றாள் எழிலரசி.

"சுருக்கமா சொன்னா, இல்லாத பொருளத் தொடறதுக்கு நாலு கிரெடிட்டு" என்றான் ரியாஸ்.

நோயில் படுத்து எழுந்த பெரியவர்கள், நிஜ வீட்டில் தடுமாறுவதற்கு முன்னால் பொய் வீட்டில் வேலை செய்து பழகிக்கொள்ளலாம்; அதற்காகத்தான் அவள் அந்த வீட்டைக் கட்டியிருந்தாள். நல்ல எண்ணம். நான் பெயர் கொடுத்தேன். என்னைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் கொடுத்தார்கள்.

முதல் சுற்று ஆவணி முடிவில். ஆய்வக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆனால் முகத்தில் பெட்டியைக் கட்டியதும் எதிரே ஒரு வீட்டுப்படி தெரிந்தது. குனிந்து, காலில் இல்லாத செருப்பைக் கழற்றப்போனேன். ரியாஸ் சிரித்துவிட்டான். எழிலரசி சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டாள்.

அந்த வீட்டின் வழக்கம் இதுதான். வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே திருப்பினால் அதில் ஐந்து பட்டன்கள் முளைக்கும். விளக்கு, மின்விசிறி, ஜன்னல் எல்லாம் அதில். ஆகையால் வலது கை பட்டன்களுக்கு மட்டும். பொருள்களை எடுக்க இடது கை. எடுப்பது என்றால் காற்றில் கிள்ளுவது, பூப் பறிப்பது போல. இரண்டு கைக்கும் ஒரே வேலை கொடுத்தால் இயந்திரம் குழம்பிவிடும் என்று பிரித்து வைத்திருந்தாள்.

விளக்குப் போட்டேன். மின்விசிறி போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். டம்ளரையும் எடுத்துவிட்டேன். கடைசி வேலை, நாற்காலியில் இருந்த அம்மாளிடம் அதைக் கொடுப்பது. நரைத்த தலை, மூக்குத்தி, பருத்திப் புடவை. நன்றாகத்தான் செய்திருந்தாள். நான் அந்த அம்மாளின் முன்னால் போனதும் டம்ளரைத் தானாக வலது கைக்கு மாற்றினேன். வலது கை எதையும் பிடிக்காது. டம்ளர் விழுந்தது.

மறுபடி எடுத்தேன். மறுபடி விழுந்தது. இடது கையிலேயே நீட்டுங்கள் என்றார்கள். தலையாட்டினேன். கை கேட்கவில்லை. நான்கு டம்ளர்.

"பரவால்லங்க ஐயா. நாங்க உங்களச் சோதிக்கல, இந்த வூட்டத்தான் சோதிக்கறோம். டம்ளர் விழுந்தா அது எங்க தப்பு" என்றாள் எழிலரசி.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எதிரே ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதினால், அது எனக்கு வைக்கும் பரீட்சைதான். அவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே ரியாஸ் பேசுவது கேட்டது. "ஆறு பெருசும் போட்டு ஒடச்சிட்டாங்க எழிலு. ஒரே பேஜாரு. அதுல இவரு கணக்கு வாத்தியாராம். நாலு டம்ளரு." அவள் அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

மற்ற ஐந்து பேரும் திண்டிவனம் வரும் வரை பேருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். யார் எத்தனை டம்ளர் போட்டது என்று போட்டி வேறு. நான் மயிலம் தாண்டும் வரை வாய் திறக்கவில்லை. 'பெருசு' என்ற சொல் எனக்கு உறைத்தது. அதைவிட 'கணக்கு வாத்தியாராம்' என்பதில் இருந்த அந்த 'ஆம்'.

செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீர்

இரண்டாம் சுற்று பதினைந்து நாள் கழித்து. மறுநாள் காலையே ஆரம்பித்தேன். வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரை இடது கையால் எடுத்து, கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரோஜாவிடம் நீட்டினேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாங்க இது? எடது கையில நீட்டறீங்க? கையில ஏதாவது வலியா?"

இல்லை, ஒரு பரீட்சை இருக்கிறது என்றேன். விவரம் சொன்னேன்.

"ரிட்டையர் ஆயி பதினாலு வருசம் ஆவுது. இன்னும் இன்னா பரிச்ச? அந்தப் பசங்க வெளையாடிக்கினு இருக்குதுங்க, நீங்களும் சேந்துக்கினு" என்று கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் இறங்கி வந்தாள். ஆனால் நிபந்தனைகள் போட்டாள். வெள்ளிக்கிழமை கூடாது. சமையலறையில் கூடாது. யாராவது வந்திருக்கும்போது கூடாது. முக்கியமாக, இடது கையால் கொடுத்த தண்ணீரை அவள் குடிக்கமாட்டாள்; வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். வாங்கிய தண்ணீரை எழுந்து போய் வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் மறுபடி ஒரு டம்ளர் கொண்டுவருவேன்.

காலையில் பத்து, மாலையில் பத்து. முதலில் கை பாதி வழியில் நின்றுவிடும்; வலது கை தானாக வந்து வாங்கப் பார்க்கும். ஒரு வாரத்தில் அது நின்றது. பத்தாம் நாள், நினைக்காமலே இடது கை நீண்டது. செம்பருத்தி அந்தப் பதினைந்து நாளில் நன்றாகத் துளிர்த்தது.

அந்தப் பெண்ணின் முயற்சி வீணாகிவிடக் கூடாதே என்று பாடுபடுவதாகச் சரோஜாவிடம் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஆறு பெருசுகளில் ஒன்றாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

பறக்கும் படை

இங்கே பழைய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலையிலிருந்த காலத்தில் பொதுத்தேர்வுகளின்போது ஒன்பது ஆண்டுகள் பறக்கும் படையில் போயிருக்கிறேன். ஜீப்பில் நான்கு பேர். ஒரு பள்ளியில் இறங்கி, ஹாலுக்குள் நுழைந்து, பின் பெஞ்சு வரை நடந்து திரும்புவதற்குள் யாரிடம் பிட் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சட்டைக் காலரில், கால்குலேட்டர் மூடியில், காலுறைக்குள் என்று எல்லா இடங்களிலிருந்தும் எடுத்திருக்கிறேன். வழக்கமான கேள்வி ஒன்று கேட்பேன்: "உன்கிட்ட ஏதாவது இருக்கா?" பிட் இல்லாத பையன் முதலில் விழிப்பான், கேட்டது புரிந்து பதில் சொல்ல அவனுக்கு நேரமாகும். பிட் வைத்திருப்பவன் கேள்வி முடிவதற்குள் இல்லை என்பான்.

பிடிபட்டவன் தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அவனை எழுந்து நிற்கச் சொல்வோம். அவன் நிற்கும்போது அக்கம்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர்களும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதி எனக்கு நன்றாகப் பழக்கம்.

"இல்லம்மா"

இரண்டாம் சுற்று புரட்டாசி நடுவில். பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் எழிலரசி ஒரு கேள்வி கேட்டாள். எல்லாரிடமும் கேட்டதுதான்.

"நடுவுல வூட்ல ஏதாவது பழகிப் பாத்தீங்களாங்க ஐயா?"

"இல்லம்மா" என்றேன். அவள் 'ஐயா' என்று முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

விளக்கு, மின்விசிறி, ஜன்னல், டம்ளர். அந்த அம்மாளிடம் போனேன். இடது கையால் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மறுபடி செய்யச் சொன்னார்கள். ஐந்து முறை செய்தேன், ஐந்தும் சரி. ரியாஸ், "ஐயா, நீங்க வேற லெவல்" என்றான். பெருசு போய் ஐயா வந்துவிட்டது. எனக்கு அன்று அது போதுமாக இருந்தது.

மற்ற ஐந்து பேரும் முன்போலவே டம்ளரைப் போட்டார்கள்.

எழிலரசி என்னைக் கீழே காபிக் கடை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். கயிற்றில் தொங்கிய பிஸ்கட் பாக்கெட்டை அவள் எட்டி எடுக்கும்போதுதான் கவனித்தேன், அவள் இடது கைக்காரி.

"என் கைக்குத் தோதாத்தாங்க ஐயா அந்த வூட்டக் கட்டினேன். கட்டும்போது அது எனக்கே தெரியல. எங்க பேராசிரியரு பாத்துட்டு, இது பெரியவங்களுக்கு ஒத்துவராது, மாத்துன்னாரு. மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். இப்ப நீங்க ஒரே தடவையில பழகிட்டீங்க. பழகினா வந்துடும்னு அறிக்கையில எழுதிடுவேன்."

மாற்றாமல் விடப்போகிறாயா என்று கேட்டேன்.

"உங்க ரிசல்ட் இருக்குதுல்ல" என்றாள்.

பேச்சோடு பேச்சாக இன்னும் சிலவும் சொன்னாள். அப்பா கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவர். இந்தப் பாடத்தில் பத்துக்கு எட்டு வந்தால் புதுச்சேரியில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. எட்டுக்குக் கீழே போனால் இல்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். காபி சூடாக இருந்தது, குடித்து முடிக்க எப்படியும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரிடம் குறை சொன்னேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.

இரண்டு சுற்றுக்குமாகச் சேர்த்து, பங்கெடுத்ததற்கு முன்னூறு ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் கைக்காசு அது என்று பிறகுதான் தெரிந்தது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தது. அவளுடைய எண் என் செல்போனில் இருந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஒருநாள் மளிகைக் கடையில் சில்லறை கொடுக்க என் இடது கை தானாக நீண்டது. கடைக்காரர் வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். கையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகை பிறந்ததும் அவளே கூப்பிட்டாள். இறுதி மதிப்பீட்டில் தேர்வாளர் முன்னால் நேரில் செய்து காட்ட ஒருவர் வேண்டும், நீங்கள் வந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். வருகிறேன் என்றேன்.

மீண்டும் வியாழக்கிழமை

சரோஜா பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கொண்டை இடித்ததால் பெட்டியைக் கட்ட நேரமாயிற்று. பட்டன்களைப் பற்றி எழிலரசி சொன்னதையெல்லாம் அவள் ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்தது. ஜன்னல் திறந்தது. அவள் பார்ப்பதெல்லாம் சுவரில் இருந்த பெரிய திரையில் எங்களுக்கும் தெரிந்தது.

டம்ளரை எடுத்தாள். பொம்மை அம்மாள் முன்னால் போய் நின்றாள். கை மாற்றினாள். விழுந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் விழுந்தது.

"அம்மா, எடது கையாலயே குடுத்துடுங்க" என்றாள் எழிலரசி.

"அது எப்டிம்மா? பொம்மைன்னாலும் என் வயசுக்காரியா குந்திக்கினு இருக்குது. எடது கையில எப்டி நீட்டறது?"

எல்லாரும் சிரித்தார்கள். எழிலரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். இதை அவள் எத்தனை வீடுகளில் கேட்டிருப்பாளோ.

தேர்வாளர் அறிக்கையைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினார். ஆறு பேரில் ஐந்து பேர் இரண்டு சுற்றிலும் தவறவிட்டிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் இரண்டாவதில் ஐந்துக்கு ஐந்து, அந்த ஒருவரை வைத்து வடிவமைப்பை மாற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படித்தானே என்று எழிலரசியிடம் கேட்டார். ஆமாம் என்றாள்.

"இவருக்கு மட்டும் சொல்லிக்குடுத்தீங்களா?"

"இல்லங்க சார்."

"அப்ப எப்படி வந்தது? நீங்க பழக்கி விட்டிருந்தா அது முறைகேடு. பேப்பரைத் திருத்தற விஷயம் இல்ல, பாடமே போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். அவளிடம் எதுவும் இல்லாததால் பதில் வர நேரமாயிற்று. "இல்லங்க சார்" என்று மறுபடி சொன்னாள். ரியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதி எனக்குத் தெரிந்ததுதான். அதன் நடுவில், சரோஜாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இதோ சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். தேர்வாளர் இன்னொரு கேள்வி கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்றும் நினைத்தேன். பையில் வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள் இருந்தன. நான்கு டஜன். அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதவே கை கூசுகிறது.

சரோஜாதான் பேசினாள். பெட்டியைக் கழற்றிக்கொண்டே, கொண்டை அவிழ்ந்துவிட்ட எரிச்சலில், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? இவருதான் வூட்ல பதினஞ்சு நாளு எடது கையில தண்ணி குடுத்துக் குடுத்துப் பழகினாரு. வாங்கி வாங்கிச் செடிக்கு ஊத்தி எனக்குத்தான் முட்டி வலி."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

"அப்படிங்களா ஐயா?" என்றார் தேர்வாளர்.

என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நானே எழுந்து நின்றேன். வளையல் பை கையில் இருந்தது.

"ஆமாங்க. பழகினீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டுது. இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க ஐயா?"

"பாஸாகணும்னு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

முறைகேடு இல்லை என்று தேர்வாளர் எழுதினார். ஆனால் அறிக்கை செல்லாது. பத்து நாளில் வீட்டைப் பிரித்துக் கட்டி, புதிதாக ஆறு பேரை வைத்துச் சோதித்துக் கொண்டுவர வேண்டும். "பத்து நாளா" என்று ரியாஸ் முணுமுணுத்தான்.

படிக்கட்டில் எழிலரசி எங்களோடு கீழே இறங்கி வந்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டம்ளர் விழுந்தா எங்க தப்புன்னு மொதல் நாளே சொன்னேனேங்க ஐயா" என்றாள்.

வளைகாப்பில் நான் சாப்பிடவில்லை. வரும் வழியில் பேருந்தில், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று சரோஜா ஒரு தரம் கேட்டாள். இல்லை என்றேன். அந்த 'இல்லை' மட்டும் பொய்யில்லை.

வேறு ஆறு பேர்

ஆறு பேரை நான் அழைத்து வருகிறேன் என்று அவளுக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். யாரும் கிடைக்கவில்லை.

சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். வழக்கமாகக் கேள்வி கேட்க எழுகிறவன், இந்தத் தடவை பதில் சொல்ல எழுந்தேன். என்ன செய்தேன், ஏன் புதிதாக ஆறு பேர் போக வேண்டியிருக்கிறது என்று முழுதும் சொன்னேன். முதல் சுற்றில் என்னோடு வந்த ஐந்து பேரும் அங்கே இருந்தார்கள். "எங்களையும் முட்டாளாக்கிட்டியே வாத்தியாரே" என்றார் பதிவுத்துறையில் இருந்த ஒருவர். கேட்டுக்கொண்டேன். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

அவர்களை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். அந்த வீட்டைப் பற்றி வழியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்று எழிலரசி கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அவர்கள் உள்ளே போனதும் நான் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ரியாஸ் வெளியே வந்தான். பட்டன்கள் இப்போது சுவரில் இருக்கின்றன, எந்தக் கையாலும் எடுக்கலாம், எந்தக் கையாலும் கொடுக்கலாம் என்றான். இரண்டு கையையும் பக்கத்தில் கொண்டுவந்தால் டம்ளர் தானாக மாறிக்கொள்ளுமாம். ஐந்து பேர் வலது கையால் கொடுத்தார்கள். தபால் ஆபீசில் இருந்த அம்மாள் ஒருவர் மட்டும் இடது கைக்காரர். இடது கையால் கொடுத்துவிட்டு, தப்பா எடுத்துக்காதம்மா என்று பொம்மையிடம் சொன்னாராம். பொம்மை வாங்கிக்கொண்டது.

"பெருசுங்க எல்லாம் பாஸு" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்லங்க ஐயா, வூடு பாஸு" என்றான்.

எழிலரசி வெளியே வந்தபோது, நானும் ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். கணக்கில் சேர்க்க வேண்டாம், சும்மா என்றேன்.

"வேணாங்க ஐயா. உங்க கை பழகிடுச்சு. இனிமே அது சொல்றத நாங்க நம்ப முடியாது."

கையைத்தான் சொன்னாள்.

சட்டைப் பையிலிருந்து முன்னூறு ரூபாயை எடுத்தேன். இது உங்கள் பணம், நான் வாங்கியிருக்கக் கூடாது என்று நீட்டினேன். அவளுடைய வலது கை வாங்க வந்தது. பெரியவர்களிடம் வாங்கும்போது அந்தக் கையைத்தான் நீட்ட வேண்டும் என்று அவளைப் பழக்கியிருப்பார்கள். வந்த கை பாதியில் நின்றது. அப்போதுதான் பார்த்தேன். நான் இடது கையால் நீட்டிக்கொண்டிருந்தேன்.

மாற்றப்போனேன். அதற்குள் அவள் தன் இடது கையால் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

தை மாதம் ரியாஸ் போனில் மதிப்பெண் சொன்னான். புது வீட்டுக்கு நல்ல மதிப்பெண். செல்லாமல் போன முதல் அறிக்கைக்குக் கழித்துக்கொண்டார்கள். எழிலரசிக்குப் பத்துக்கு ஏழு. பாடம் தேறிவிட்டது. புதுச்சேரிக் கம்பெனி எட்டு கேட்டிருந்தது. இப்போது சென்னையில் வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

அவளுக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்க்க எனக்கு வழியில்லை. என்னுடையதைத்தான் கூட்ட முடிகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்வர ஏழு பேருக்குப் பேருந்துக் கட்டணம் நானூற்றுத் தொண்ணூறு. இரண்டு ஆட்டோ, போகவர, இருநூற்று நாற்பது. காபி ஏழு, நூற்று ஐந்து. திருப்பிக் கொடுத்தது முன்னூறு. ஆக மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாய்.